அம்மிச்சிக்கு இடம் தரும் கேம் எது?

புது ஆன்லைன் கேம் எதுவானாலும், டவுன்லோடு முடிந்ததும் நான் முதலில் செய்யும் வேலை ஒன்றுதான். என் அம்மிச்சியை அதில் செய்து பார்ப்பேன். அம்மிச்சி என்றால் அம்மாவைப் பெற்றவள், எங்கள் கொங்குப் பக்கத்துச் சொல். நாலே முக்கால் அடி உயரம், நல்ல கறுப்பு, வெள்ளைக் கொண்டை, எட்டுக்கல் மூக்குத்தி, லேசான கூன், வாயில் ஒரு பல்கூடக் கிடையாது. அவளை எவ்வளவு தூரம் திரையில் கொண்டுவர முடிகிறதோ, அவ்வளவு தூரம்தான் அந்த கேமின் ‘உங்கள் விருப்பப்படி கேரக்டர்’ விளம்பரத்தை நம்புவேன். சண்டை எப்படி, கதை எப்படி என்பதெல்லாம் அப்புறம்.

இது கிறுக்குத்தனமாகத் தெரியலாம். என் தொழில் அப்படி. ஈரோட்டில் பல்செட் செய்யும் லேபில் 19 வருடமாக வேலை. டாக்டர் அச்சு எடுத்து அனுப்புவார், நான் மாடல் ஊற்றி, மெழுகில் பல் அடுக்கி, வாயில் வைத்துப் பார்க்க அனுப்புவேன். சரி என்று வந்தால் அக்ரிலிக்கில் முடிப்பேன். ஆள் முகத்தைப் பார்க்காமலே, வெறும் ஈறின் அச்சை வைத்து அந்த முகம் எப்படி இருக்கும் என்று ஊகிக்கும் பழக்கம் வந்துவிட்டது. பல் எல்லாம் போனால் முகத்தின் கீழ்ப்பாதி உயரம் குறைந்துவிடும். உதடு உள்ளே மடங்கும். தாடை முன்னால் வந்து மூக்கை நோக்கி எழும்பும். கன்னம் குழிவிழும். வயதான முகம் என்றால் நெற்றிச் சுருக்கமும் வெள்ளை முடியும்தான் என்று கேம் செய்கிறவர்கள் நினைக்கிறார்கள். முதுமை முதலில் குடியேறும் இடம் வாய்.

இதைத் தெரிந்துகொண்டு ‘பிளாக் டெசர்ட்’ கேமைத் திறந்தால் சிரிப்புதான் வரும். முகம் செதுக்குவதில் அதை மிஞ்ச ஆளில்லை என்று பத்து வருடமாகப் பேச்சு. உண்மைதான்: மூக்கு, கன்னம், தாடை எதையும் மவுஸால் பிடித்து இழுக்கலாம், முடியைப் பகுதி பகுதியாக நீட்டலாம், சுருட்டலாம். நான் மெழுகில் செய்யும் வேலைக்கு அடுத்தபடி அதுதான். ஆனால் நிறைய கிளாஸ்களில், அதாவது கேரக்டர் எடுக்கும் சண்டைத் தொழில்களில், ஆணா பெண்ணா என்பதையே கேம் முடிவு செய்து வைத்திருக்கிறது. மந்திரம் போடும் ‘விசார்ட்’ ஆண் என்றால் வெள்ளைத் தாடிக் கிழவர். அதே மந்திரம் போடும் பெண் என்றால் இளம்பெண். தாத்தாவுக்கு இடம் உண்டு, பாட்டிக்கு இல்லை. ஒரு மணி நேரம் இழுத்துப் பார்த்தும், என் அம்மிச்சி யாரோ மாடலிங் பெண் நாடகத்துக்கு வேஷம் கட்டின மாதிரிதான் வந்தாள். மூடிவிட்டேன்.

‘ஃபைனல் ஃபேன்டஸி 14’ நேர் எதிர். முகம் என்று பார்த்தால் இருப்பதில் ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான், இழுப்பதற்கு அதிகம் இல்லை. ஆனால் ஒரே கேரக்டர் எல்லா வேலையும் கற்கலாம். காலையில் கத்தி, மத்தியானம் வைத்தியம், சாயங்காலம் சமையல், மீன்பிடி. ஆயுதத்தை மாற்றினால் தொழில் மாறும். அம்மிச்சி அப்படித்தான் இருந்தாள் என்பதால் அந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடிக்கும். முகம் மட்டும் வேறு யாருடையதோ. 2024-இல் கிராபிக்ஸைப் புதுப்பித்தபோது தங்கள் கேரக்டரின் முகம் மாறிவிட்டது என்று ஏகப்பட்ட பேர் சண்டைக்கு வந்தார்கள். உருவத்தை மாற்றிக்கொள்ள எல்லோருக்கும் மருந்துப் புட்டி ஒன்று இலவசமாகக் கொடுத்தது கம்பெனி. வெளியே இருந்து பார்க்கிறவர்களுக்கு அது வேடிக்கை. கடைவாய்ப் பல் அரை மில்லிமீட்டர் தூக்கியிருந்தால் நோயாளி போடும் சண்டையைப் பார்த்தவனுக்கு அது வேடிக்கை இல்லை.

நான் அதிக நாள் தங்கினது ‘எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைன்’. 2014-இல் வந்தது, அடுத்த வருடமே மாதச் சந்தாவைக் கட்டாயமில்லை என்று எடுத்துவிட்டார்கள். அதில் உடம்புக்கு ஒரு முக்கோணம் தருவார்கள்: ஒரு மூலை ஒல்லி, ஒரு மூலை கட்டுமஸ்து, ஒரு மூலை பருமன். நடுவில் எங்கே புள்ளி வைக்கிறோமோ அந்த உடம்பு. முகத்துக்கும் அதே மாதிரி ஒரு முக்கோணம். தொப்பைக்கென்றே தனி ஸ்லைடர், அதாவது கூட்டிக் குறைக்க நகர்த்தும் பட்டை, உண்டு, அந்த ஒன்றுக்காகவே அந்தக் கம்பெனிக்கு மாலை போடலாம். ரெட்கார்டு இனத்தில் கறுப்பு கறுப்பாகவே கிடைக்கிறது, சாம்பல் பூசின கறுப்பு இல்லை. வெள்ளை முடி உண்டு, சுருக்கம் உண்டு. மூக்குத்தி வகையில் அம்மிச்சியின் எட்டுக்கல்லுக்குப் பக்கத்தில் வருவது எதுவும் இல்லை. உயரத்தை எவ்வளவு குறைத்தாலும் நாலே முக்கால் அடி வராது. கூனும் வராது. பார்டரில் பாஸ் என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த கேமை இப்போது எடுத்துப் பேசுவதற்குக் காரணம் 2025 ஜூனில் வந்த மாற்றம். அதுவரை கிளாஸ் என்பது பிறப்புச் சான்றிதழ் மாதிரி. ஏழு கிளாஸ் உண்டு, ஒவ்வொன்றுக்கும் மூன்று திறன் வரிசை. நீ எந்த கிளாஸில் பிறந்தாயோ அந்த மூன்றும்தான் சாகும்வரை. புது ஏற்பாட்டில், 50-ஆம் லெவல் தொட்ட கேரக்டர் தன்னுடைய மூன்று வரிசையில் இரண்டு வரை கழற்றிவிட்டு வேறு கிளாஸின் வரிசையை மாட்டிக்கொள்ளலாம். அதற்குத் திறன் புள்ளி கூடுதலாகச் செலவாகும், அவ்வளவுதான்.

அம்மிச்சியை நான் முதலில் ‘வார்டன்’ ஆக்கியிருந்தேன். அவள் எருமை வைத்திருந்தவள், ஊரில் யாருக்குக் கட்டி வந்தாலும் பச்சிலை அரைத்துப் போட்டவள். வார்டனுக்கு ஒரு வரிசை விலங்குகள், ஒரு வரிசை செடிகொடி வைத்தியம். இரண்டும் அச்சாகப் பொருந்தின. மூன்றாவது வரிசை பனி. அம்மிச்சிக்கும் பனிக்கும் என்ன சம்பந்தம்? மார்கழியில் விடிகாலை எழுந்து சாணி தெளித்ததைத் தவிர ஒன்றும் இல்லை. கேம் வந்து பதினோரு வருடம் கழித்து, வரிசையைக் கழற்ற அனுமதி வந்த அன்றைக்கே அதைக் கழற்றினேன். அந்த இடத்தில் ‘டிராகன்நைட்’ கிளாஸின் நெருப்பு வரிசையை மாட்டினேன். அதில் வாயிலிருந்து தீ ஊதும் ஒரு திறன் இருக்கிறது. அம்மிச்சியிடம் திட்டு வாங்கின யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், இது கற்பனை கலக்காத சித்திரம் என்று.

அக்கா பையன் என்னோடு சேர்ந்து ஆடுவான், காலேஜ் மூன்றாம் வருடம். அவனுக்கு இந்த ஜோடனையெல்லாம் பிடிக்காது. ‘ஏனுங் மாமா, இந்தக் கெழவிய எதுக்குக் கூட்டிட்டு வர்றீங்க? டேமேஜே ஏற மாட்டீங்குதுங்களே’ என்பான். அவன் சொன்னதில் தப்பில்லை. நாலு பேர் சேர்ந்து எதிரிகளை அடித்துக்கொண்டே போகும் டஞ்சன் என்ற இடம் ஒன்றில், கொஞ்சம் கடினமான அளவில், அம்மிச்சி எருமைக்குப் பதில் கரடியைக் கூப்பிட்டு, தீ ஊதி, நடுநடுவே பச்சிலையும் போட்டுக்கொண்டிருந்தாள். கூட வந்த முகம் தெரியாத ஆள் ஒருவர் ஓட்டுப் போட்டு எங்களை வெளியே தள்ளப் பார்த்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் நேரம் அவருக்கு.

அந்த ராத்திரிதான் எனக்கு ஒன்று உறைத்தது. எதையும் எதோடும் சேர்க்கலாம் என்று கதவைத் திறந்துவிட்டார்கள். திறந்ததும் எல்லோரும் ஒரே கதவு வழியாக ஓடினார்கள். எந்த டஞ்சனுக்குப் போனாலும் ஆர்கனிஸ்ட் கிளாஸின் அந்தப் பச்சைக் கதிர். கத்திக்காரன் கையிலும் அது, மந்திரக்காரன் கையிலும் அது. முன்னே ஏழு கிளாஸ் இருந்தபோதாவது ஆளைப் பார்த்து இன்னார் என்று சொல்லலாம். இப்போது கூட்டத்தில் யார் யாரென்றே தெரியவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்து எது அதிகம் அடிக்கும் என்று ஒருவர் வீடியோ போட்டால், மறுநாள் எல்லோரும் அதே உடுப்பு. தீபாவளிக்கு ஒரே கட்டு துணியில் வீட்டுக்கே சட்டை தைத்த மாதிரி.

கேமைக் குறை சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். ஈரோட்டிலிருந்து ஐரோப்பா சர்வருக்கு ஆடுகிறேன், பிங், அதாவது சர்வருக்குப் போய்வர ஆகும் நேரம், 150 மில்லிசெகண்டுக்குக் கீழே இறங்கினால் அன்றைக்கு நல்ல நாள். அப்படியிருந்தும் வருடக்கணக்கில் தங்கினேன் என்றால் ஏதோ இருக்கிறது. தனியாகச் சுற்றுகிறவர்களுக்கு, கதை படிக்கிறவர்களுக்கு, இந்த மாற்றம் உண்மையில் விருந்து. கூட்டத்தோடு கஷ்டமான இடத்துக்குப் போக வேண்டும் என்றால் மட்டும் அம்மிச்சியை வீட்டில் விட்டுவிட்டுப் போக வேண்டும்.

சரி, அம்மிச்சி தலைநிமிர்ந்து நடந்த கேம் எது? சொன்னால் என் அக்கா பையன் தலையில் அடித்துக்கொள்வான். ‘சிட்டி ஆஃப் ஹீரோஸ்’. 2004-இல் வந்தது. கிராபிக்ஸைப் பார்த்தால் கைவிரல்கள் ஒட்டிக்கொண்டு கொழுக்கட்டை மாதிரி இருக்கும். நான் அதை முதலில் ஆடினதே 2020 ஊரடங்கில், லேப் மூடியிருந்த நாட்களில்.

அந்த கேமின் கதை கொஞ்சம் சொல்ல வேண்டும். சூப்பர்ஹீரோக்கள் நிறைந்த பாராகன் சிட்டி என்று ஓர் ஊர், நாமும் ஒரு ஹீரோ. கிரிப்டிக் ஸ்டூடியோஸ் செய்தது, என்சிசாஃப்ட் வெளியிட்டது. உருவம் செய்யும் பகுதி எவ்வளவு தாராளம் என்றால், வந்த வருடமே நவம்பரில் மார்வெல் வழக்குப் போட்டது: ஆட வருகிறவர்கள் எங்கள் ஹல்க்கையும் வுல்வரினையும் அப்படியே செய்துகொள்கிறார்கள் என்று. 2005 டிசம்பரில் சமாதானமாகப் போனார்கள். உருவம் செய்யும் கருவியில் கைவைக்கவில்லை. ஒரு கருவி நன்றாக இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல நற்சான்று எந்த விமர்சகரும் எழுத முடியாது.

2012 ஆகஸ்ட் 31 அன்று மூடப்போவதாக அறிவித்தார்கள், நவம்பர் 30 அன்று சர்வரை அணைத்துவிட்டார்கள். ஆறு வருடத்துக்கு மேல் இருட்டு. 2019-இல் ரசிகர்களிடம் ரகசியமாக ஓடிக்கொண்டிருந்த ஒரு சர்வரைப் பற்றி வெளியே தெரிந்து, அதன் நிரல் எல்லோருக்கும் கிடைத்து, ‘ஹோம்கமிங்’ என்ற பெயரில் ரசிகர்களே நடத்த ஆரம்பித்தார்கள். 2024 ஜனவரியில் என்சிசாஃப்ட் அவர்களுக்கு முறையான உரிமமும் கொடுத்துவிட்டது. ஆட காசு கிடையாது. செலவுக்கு ஆடுகிறவர்களே நன்கொடை போடுகிறார்கள்.

அம்மிச்சியைச் செய்ய அதில் எனக்கு நாற்பது நிமிடம் ஆனது. முதலில் உன் சக்தி எங்கிருந்து வந்தது என்று கேட்கும்: மந்திரமா, விஞ்ஞானமா, எந்திரமா, பிறவி மாற்றமா, அல்லது இயல்பா? ‘இயல்பு’ என்று போட்டேன். அடுத்து ஆயுதம். கம்புச் சண்டை என்றே ஒரு திறன் தொகுதி இருக்கிறது! தற்காப்புக்கு இரண்டாவது தொகுதி வேண்டும், அதில் ‘மன உறுதி’ என்று ஒன்று. கவசம் கிடையாது, மாயம் கிடையாது, அடி வாங்கினாலும் அசராமல் நிற்பது மட்டும்தான். கம்பும் மன உறுதியும். எங்கள் வீட்டு ஆட்கள் சேர்ந்து உட்கார்ந்து எழுதிக்கொடுத்திருந்தாலும் இதைவிடச் சரியாக வந்திருக்காது.

உயரத்தைக் குறைத்தேன், குறைந்தது. இடுப்பை அகட்டினேன். தோலுக்கு எந்த நிறமும் போடலாம், பச்சை நீலம் உட்பட, அதனால் கறுப்பில் கஞ்சத்தனம் இல்லை. சேலை கிடையாது. பாவாடை மாதிரி ஒன்றை எடுத்து, மேலே ஒரு நிறம் கீழே ஒரு நிறமாக ஒப்பேற்றி, முதுகில் ஹீரோக்கள் போடும் அங்கியை முந்தானை மாதிரி தொங்கவிட்டேன். 2004-இல் முதலில் வந்தபோது அந்த அங்கியே கிடையாதாம். சில மாதம் கழித்துச் சேர்த்தபோதும் 20-ஆம் லெவலைத் தொட்டவர்களுக்குத்தான். முந்தானைக்காக இருபது லெவல் ஏறியிருக்க வேண்டும் என்று நினைத்தாலே மூச்சு வாங்குகிறது.

முகத்துக்கு வந்தேன். தலை, புருவம், கன்னம், மூக்கு, தாடை, மோவாய் என்று தனித்தனி ஸ்லைடர், ஒவ்வொன்றும் மூன்று திசையில். தாடையின் உயரத்தைக் குறைத்து மோவாயை முன்னால் தள்ளினேன். தள்ளினதும் எனக்கு ஒரு நிமிடம் கை நின்றுவிட்டது. பல் போன வாய். உதடு மடங்கவில்லை, அதற்கு ஸ்லைடர் இல்லை. ஆனால் கீழ்ப்பாதி சுருங்கி மோவாய் எழும்பின அந்தக் கணக்கு சரியாக உட்கார்ந்துவிட்டது. பதினாறு வருடப் பழைய கேமில்.

அப்புறம் வெளியே இறங்கினோம். அட்லஸ் பார்க் என்ற இடத்தில், உலகத்தைத் தோளில் சுமக்கும் பெரிய சிலைக்குக் கீழே ஆரம்பிக்கும். பக்கத்துத் தெருவில் ஹெலியன்ஸ் கூட்டத்துப் பையன்கள் ஒரு பெண்ணின் கைப்பையைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். அம்மிச்சி கம்பைச் சுழற்றிக்கொண்டு போனாள். முதல் அடியிலேயே ஒருத்தன் சுருண்டான். வாய்விட்டுச் சிரித்தேன், ராத்திரி ஒரு மணிக்கு, பக்கத்து அறையில் எல்லோரும் தூங்கும்போது.

அந்த கேமில் எப்படிச் செய்தாலும் பிழைக்கலாம். கஷ்டத்தின் அளவை நாமே வைத்துக்கொள்ளலாம். அணியில் எட்டுப் பேர் சேர்ந்தால் ஒருவர் பலம் இன்னொருவர் மேல் ஏறி ஏறி, யார் என்ன எடுத்தார்கள் என்று யாரும் பார்ப்பதில்லை. லெவல் வித்தியாசமும் பிரச்சினை இல்லை, அணித் தலைவரின் லெவலுக்குப் பக்கத்தில் எல்லோரையும் கொண்டுவந்துவிடும். அக்கா பையனைக் கெஞ்சிக் கூட்டிப்போனபோது அவன் எறும்பு அளவு உருவத்தில் நெருப்பு வீசுகிறவனாக வந்தான், அம்மிச்சி கம்போடு முன்னால் நடந்தாள், யாரும் எங்களை வெளியே தள்ள ஓட்டுப் போடவில்லை. குறை என்று பார்த்தால் சண்டை போடும் உள்ளிடங்கள் அலுத்துவிடும்: அதே ஆபீஸ் கட்டடம், அதே கிடங்கு, அதே குகை. அவன் இரண்டு வாரத்தில் ஓடிவிட்டான்.

ஆக, வரப்போகும் புது கேமிடம் எனக்கு என்ன எதிர்பார்ப்பு என்று கேட்டால், ஸ்லைடர் எண்ணிக்கையை நான் கேட்கவே மாட்டேன். கேரக்டரைப் பலவிதமாகச் செய்ய விடுவதும், எப்படிச் செய்தாலும் பிழைக்க விடுவதும் ஒரே வேலையின் இரண்டு பாதி. எல்டர் ஸ்க்ரோல்ஸ் முதல் பாதியைக் கொடுத்தது. இரண்டாவது பாதி கஷ்டமான டஞ்சன் வாசலில் நின்றுவிட்டது.

அதே என்சிசாஃப்டின் ‘அயான் 2’ 2025 நவம்பரில் கொரியாவிலும் தைவானிலும் வந்தபோது வீடியோக்களைப் பார்த்தேன். முகங்கள் கண்ணைப் பறிக்கின்றன. எல்லாம் இருபது வயது முகம். கிளாஸ் எட்டு, பழைய அயானில் இருந்த அதே எட்டு. ஆரம்பத்தில் எடுத்ததுதான் கடைசிவரை. ஆடுவேன், அம்மிச்சியைக் கூட்டிப்போவேன் என்று தோன்றவில்லை. எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைன் செய்தவர்களே ‘பிளாக்பேர்டு’ என்று உள்ளுக்குள் பெயரிட்டு ஒரு புது ஆன்லைன் கேம் செய்துகொண்டிருந்தார்கள். அதன் மேல் எனக்குப் பெரிய ஆசை இருந்தது, தொப்பைக்கு ஸ்லைடர் வைத்த கையல்லவா. 2025 ஜூலையில் அவர்களின் முதலாளியான மைக்ரோசாஃப்ட் ஆயிரக்கணக்கானவர்களை வேலையிலிருந்து எடுத்தபோது அதையும் நிறுத்திவிட்டது. அந்த ஸ்டூடியோவின் தலைவராக இருந்த மாட் ஃபிரோரும் விலகிவிட்டார்.

இன்னொரு எதிர்பார்ப்பும் உண்டு. பெயர் வேண்டாம், ஒரு மொபைல் கேமில் முன்பு ஒரு அம்மிச்சி செய்து வைத்திருந்தேன். சர்வரை மூடினார்கள், அவளும் போனாள், காசு கொடுத்து வாங்கின உடுப்பும் போனது. சிட்டி ஆஃப் ஹீரோஸில் உருவத்தை ஒரு சின்ன ஃபைலாக நம் கம்ப்யூட்டரிலேயே சேமிக்கலாம். என்னுடையது பென்டிரைவில் இருக்கிறது, லேபில் மாடல் பெட்டிகள் அடுக்கும் அலமாரியில். புது கேம் செய்கிறவர்கள் வேறு எதையும் கொடுக்காவிட்டாலும் அதை மட்டுமாவது கொடுக்கட்டும்.

போன பொங்கலுக்கு அம்மா வந்திருந்தபோது அவளுக்குக் காட்டினேன். நான் தனியாகச் செய்த முதல் முழு செட் அம்மிச்சிக்குத்தான். அதை அவள் கல்யாணம் காட்சி என்றால் மட்டும் போடுவாள், மற்ற நாளெல்லாம் எவர்சில்வர் டம்ளரில் தண்ணீரில் கிடக்கும். அதனால் கேமில் இரண்டு உடுப்பாக வைத்திருக்கிறேன்: ஒன்றில் தாடை சுருங்கியிருக்கும், இன்னொன்றில் நிமிர்ந்திருக்கும். ஒரு கட்டளை தட்டினால் மாறும். தட்டிக் காட்டினேன். அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரைக்குக் கிட்டே வந்தாள்.

‘இது பல்லு கட்டறதுக்கு முந்தி’ என்றாள். இன்னொரு முறை தட்டினேன். ‘இது உன் கல்யாணத்தன்னிக்கு.’ கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். ‘எல்லாஞ் செரி கண்ணு. மூக்குத்தி எங்கடா?’